கேளாதவள் கேட்ட கேள்வி

எலத்தகிரியில் பிறந்தவர்; கம்போடியாவின் தலைநகரான புனோம்பென்னில், காது கேளாத இளம்பெண்களுக்கான விடுதி ஒன்றில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றும் அருள்சகோதரி. விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும் அவர் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.

ஒரு நாள் முழுக்க அங்கே என்ன செய்கிறீர்கள், சிஸ்டர்? பேச்சே இல்லாத வீடு மிகவும் அமைதியாக இருக்குமோ?
— கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

அமைதியா, மகளே? எங்கள் விடுதியைப் போலச் சத்தமான வீட்டை நீ பார்த்திருக்க மாட்டாய். கதவை எவ்வளவு ஓங்கிச் சாத்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. வாளி உருளும், தட்டு விழும், நாற்காலியைத் தரையோடு இழுப்பார்கள். சிரிப்பு வந்தால் அடக்காமல் அடிவயிற்றிலிருந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை விடுப்பில் வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

காலை நாலரைக்கு எழுந்துவிடுவேன். செபம் முடித்து, ஐந்தரைக்கு மாடி அறைகளின் விளக்குகளை மூன்று முறை போட்டு அணைப்பேன். எங்கள் வீட்டில் அதுதான் மணி. 26 பெண்கள் இருக்கிறார்கள். இளையவளுக்கு 16 வயது, மூத்தவளுக்கு 31. ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமென்றால் அருகே போய்த் தோளைத் தொட வேண்டும், அல்லது பலகைத் தரையைக் காலால் தட்ட வேண்டும். அதிர்வு போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்ப்பாள். முகம் பார்க்காமல் எதையும் சொல்லிவிட முடியாது என்பதால், கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசும் பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது.

பொறுமையைச் சமையலறையில் கற்றேன். வெங்காயம் அரியும் கையால் பேச முடியாது. ஒருத்தி ஊர்க்கதை தொடங்கினால் அவள் கத்தி கீழே போகும். பதில் சொல்ல வேண்டியவளின் கத்தியும் கீழே போகும். ஒரு மணி நேரச் சமையல் இரண்டு மணி நேரமாகும். முதல் வருடம் கடிந்துகொண்டேன். பிறகு ஒரு நாள் உறைத்தது: இவள் பிறந்து 18 வருடமாக யாரோடும் ஊர்க்கதை பேசியதே இல்லை. சோறு தாமதமாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கு வகுப்புகள். சைகை மொழி, பிறகு அந்த நாட்டு மொழியான கெமரின் எழுத்து, கணக்கு. பணத்துக்குத் தனி வகுப்பு உண்டு, ஏனென்றால் அந்த நாட்டில் ரியலும் டாலரும் ஒன்றாகப் புழங்குகின்றன. ஒரு டாலர் ஏறத்தாழ 4,000 ரியல். கேட்க முடியாத பெண்ணிடம் சில்லறையைக் குறைத்துக் கொடுப்பவர்கள் எல்லாச் சந்தையிலும் இருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் தையலும் முடிதிருத்தும் கலையும் கற்றுக்கொடுக்கிறோம். சனிக்கிழமைகளில் கிராமங்களுக்குப் போவோம், இன்னும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களைத் தேடி.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், பாப்பா?
— 80 வயதுப் பாட்டி, எலத்தகிரி (பேத்தி எழுதிக் கொடுத்தது)

அவர்களுடைய சாப்பாடுதான், பாட்டி. மீனை உப்பிட்டு நொதிக்கவைத்த ‘பிரஹோக்’ இல்லாமல் அங்கே குழம்பு கிடையாது. கருவாடு தின்று வளர்ந்த எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ராகி மாவு மட்டும் ஊரிலிருந்து கொண்டு போகிறேன். மாதம் ஒரு நாள் களி கிண்டுவேன். மூன்று பெண்கள் தட்டோடு வந்துவிடுவார்கள். மாங்காயை உப்பு மிளகாயில் தொட்டுத் தின்பது அங்கேயும் உண்டு.

சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுதானே? அதைப் பேச்சுக்கு ஈடான மொழி என்று சொல்ல முடியுமா?
— தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்

ஒன்று அல்ல, ஐயா. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு நாட்டுக் காது கேளாதவர்கள் சந்தித்தால் ஒருவர் சைகை மற்றவருக்குப் புரியாது. ஆங்கில எழுத்தைக் காட்ட அமெரிக்கர்களுக்கு ஒரு கை போதும், நம் இந்தியச் சைகை மொழியில் இரண்டு கை வேண்டும். கம்போடியச் சைகை மொழி இரண்டிலிருந்தும் வேறு.

இலக்கணமும் உண்டு, அதில் பாதி முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் கேள்வி, தலை இருபுறமும் அசைந்தால் மறுப்பு. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் வலிக்கிறது. போய்ச் சேர்ந்த முதல் ஆண்டு, ஏப்ரல் மாதம். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு வருகிறது. ‘நான் ஊருக்குப் போகட்டுமா?’ என்று ஒருத்தி கேட்டாள். நாம் ‘சரி, போய் வா’ என்று தலையாட்டுவோமே, அப்படி ஆட்டினேன். அவள் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு, கட்டிய பையை அவிழ்த்துத் துணிகளைப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு, இரவெல்லாம் அழுதிருக்கிறாள். மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவர்கள் எனக்குப் பெயர் வைத்தார்கள்: உள்ளங்கையை நிமிர்த்தி, படகு ஆடுவதுபோல் இரு பக்கமும் ஆட்டினால் அது நான்.

சைகையை மொழியாக மதித்துப் பள்ளி நடத்தியவர்களில் முதன்மையானவர் ஒரு குருவானவர். சார்ல்-மிஷேல் தெ லெப்பே என்ற பிரெஞ்சுக்காரர். காது கேளாத இரண்டு சகோதரிகளைப் பாரிஸில் சந்தித்ததில் தொடங்கி, 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளியை ஏற்படுத்தினார். தான் அவர்களுக்குக் கற்பிப்பதற்கு முன் அவர்களுடைய சைகையைத் தான் கற்றார். ஆனால் 1880-இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாட்டில் ஆசிரியர்கள் கூடி, வகுப்பறையில் சைகை கூடாது, வாயசைவும் பேச்சும் மட்டுமே என்று தீர்மானித்தார்கள். அதன் பிறகு பல நாடுகளில் கையால் பேசிய பிள்ளைகளின் கையிலேயே அடி விழுந்தது. அடித்தவர்களில் என்னைப் போல அங்கி அணிந்தவர்களும் இருந்தார்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் ஆயின.

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் ஒரு வேண்டுகோள். ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழியை வகுப்பில் சொல்லாதீர்கள்.

மொழியே தெரியாமல் ஒருவர் வளர்ந்து பெரியவராக முடியுமா? நம்ப முடியவில்லை.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாலக்கோடு

முடியும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். 1997-க்கு முன், அதாவது நம் தருமபுரி மறைமாவட்டம் உருவான ஆண்டுக்கு முன், கம்போடியாவில் காது கேளாதோருக்கென ஒரு பள்ளிகூட இருக்கவில்லை.

ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொம்போங் தோம் மாகாணத்தில் ஒரு கிராமம். நாங்கள் போனபோது முற்றத்தில் நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வயது 19. பெயரென்ன என்று தாயிடம் கேட்டேன். ‘கோ’ என்றார். கெமர் மொழியில் ‘கோ’ என்றால் வாய் பேசாதவர். இலவமரத்துக்கும் அதே பெயர். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் கொடுங்கோல் ஆட்சியில், உயிர் பிழைக்க வாயைத் திறக்காமல் இருப்பதை ‘இலவமரம் நடுவது’ என்றுதான் அந்த மக்கள் சொன்னார்கள். குடும்பப் பதிவேட்டில் அவளுக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. தனக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

விடுதிக்கு வந்தாள். சோற்றைக் காட்டிச் சோற்றுக்கான சைகையைச் செய்வேன். அவளும் அப்படியே கையை அசைப்பாள். நான் ஏதோ வேலை ஏவுகிறேன் என்று நினைத்துச் செய்தாள். பொருளுக்குப் பெயர் உண்டு என்பது பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் ஓர் இரவு என் கதவு தட்டப்பட்டது. வாசலில் நின்று ‘சோறு’ என்று காட்டினாள். அங்கே சோறு இல்லை. கண்ணெதிரே இல்லாத ஒன்றை, வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டாள். பானையில் இருந்த ஆறிய சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள். இது என்ன, இது என்ன.

‘நேற்று’, ‘நாளை’ புரிய இன்னும் பல மாதங்கள் ஆயின. பிறகு ப்சும் பென் வந்தது. செத்துப்போன முன்னோர்களுக்குச் சோற்று உருண்டை படைக்கும் 15 நாள் விழா அது. யாருக்காகப் படைக்கிறோம் என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உருண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டு, ‘அப்பா எங்கே?’ என்று கேட்டாள்.

அவள் தந்தை ஏழு ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். செய்தி வந்த அன்று வீடே அழுதது. அழுகையைப் பார்த்தாளே தவிர, எதற்கென்று அவளுக்குச் சொல்ல யாருக்கும் வழி தெரியவில்லை. ஏழு ஆண்டுகளாக, கூலியாட்களை ஏற்றி வரும் வண்டி நிற்கும் இடத்தில் மாலைதோறும் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஊரார் அதைச் சித்தக் குறை என்றார்கள். இலவு காத்த கிளி என்று நாம் சொல்வதற்கு உருவம் கொடுத்தால் அது அவள்தான்.

தொலைபேசியில் தாயிடம் உறுதிசெய்துகொண்டு, நான்தான் அவளுக்குச் சொன்னேன். சற்று நேரம் என் கையையே பார்த்தாள். பிறகு இன்னோர் உருண்டை பிடித்து, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்தாள்.

ஐயா, தமிழில் ‘கேள்’ என்ற ஒரு சொல்லே காதின் வேலைக்கும் நாவின் வேலைக்கும் நிற்கிறது. கேளாதோர் என்று நாம் எழுதும்போது காதை மட்டும் நினைக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு ஏழு ஆண்டுகள் பறிபோனது ஒரு கேள்வியைக் கேட்க முடியாததால்.

இரவில் மின்சாரம் போனால் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பர்கூர்

நல்ல கேள்வி கேட்டாய். மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போகும். அந்த நொடியில் வீடு முழுவதும் பேச்சு நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தலையணைக்கு அடியிலும் கைவிளக்கு உண்டு. அதுவும் இல்லாவிட்டால் ஒருத்தி கைக்குள் மற்றவள் கையை வைத்துப் பேசுவாள். விரலின் அசைவைத் தொட்டே படித்துக்கொள்வார்கள். மூடிய கண்ணாடி ஜன்னல் அவர்களுக்குத் தடையே அல்ல. பஸ் கிளம்பி வளைவு திரும்பும் வரை உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவளும் பேசிக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை விமான நிலையத்தில் என்னையும் அப்படித்தான் வழியனுப்பினார்கள்.

திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் எப்படி நடக்கின்றன?
— உபதேசியார், அரூர்

திருப்பலியில் நான் வாசகமேடைக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று சைகையில் சொல்வேன். மறையுரை நீண்டால் தோள் கடுக்கும். ‘கண்களை மூடிச் செபிப்போம்’ என்று மட்டும் குருவானவர் சொல்லக்கூடாது; கண்ணை மூடினால் எங்கள் பெண்களுக்கு எல்லாமே நின்றுவிடும். கண்ணைத் திறந்துகொண்டுதான் அவர்கள் செபிக்கிறார்கள்.

பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூண்டும் வலைத்தட்டியும் உதவாது. சைகை தூரத்திலிருந்தே தெரியும் என்பதால், யார் கண்ணும் படாத அறை ஒன்று வேண்டும். குருவுக்குச் சைகை தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். நான் அந்த இடத்தில் உட்கார்ந்ததுண்டு. எழுந்து வெளியே வந்த பிறகு அவளை வழக்கம்போல் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கும் பயிற்சி வேண்டியிருந்தது.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இயேசு ஒரு காது கேளாதவரைக் குணமாக்குகிறார். ‘திறக்கப்படு’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார், காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை நோக்குகிறார். வாயைத் திறப்பதற்கு முன் அவருக்குப் புரியும்படி கையாலும் கண்ணாலும் பேசிவிட்டார்.

உதவி என்ற பெயரில் மதம் மாற்றத்தானே போகிறீர்கள்?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

26 பெண்களில் கத்தோலிக்கர் மூவர். மற்றவர்கள் பௌத்தர்கள், விழா நாட்களில் அவர்களைப் பௌத்த விகாரைக்கு நானே அழைத்துப் போகிறேன். வேறு மொழியில்லாத ஒருத்தியிடம் நான் எதைத் திணித்தாலும் அவளால் மறுக்க முடியாது. அதனாலேயே அது பாவம். நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று அவர்கள் கேட்கும்போது இயேசுவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன்.

என் மகனுக்கு நான்கு வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு வரவில்லை. என் கணவர் எனக்குத் தாய்மாமன். பாட்டியே எனக்கு மாமியார். ‘நம் வழியில் ஆண்பிள்ளைக்குப் பேச்சு ஏழு வயதில்தான் வரும், வசம்பு தடவு’ என்கிறார். அக்கம்பக்கத்தில் சொந்தத்தில் கட்டியதால் வந்த சாபம் என்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், பென்னாகரம்

தங்கையே, ஏழு வயது வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே தருமபுரிக்கு பஸ் ஏறி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ‘பெரா’ பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பிள்ளை தூங்கும்போது தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். வலிக்காது. காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அது ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. இரண்டு வருடம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். சீக்கிரம் பொருத்தினால் பலன் அதிகம். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது; பொருந்தினாலும் பல மாதப் பேச்சுப் பயிற்சி வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஆனால் இவையெல்லாம் நடந்து முடியும் வரை பிள்ளை மொழியில்லாமல் இருக்கக்கூடாது. இன்று இரவு சோறு ஊட்டும்போதே தொடங்குங்கள். சோறுக்கு ஒரு சைகை, தண்ணீருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அவனுக்கே ஒரு பெயர். இந்தியச் சைகை மொழிக்கு அரசு நிறுவனம் உருவாக்கிய 10,000 சொற்களின் அகராதி காணொளியாக இணையத்தில் இலவசமாக இருக்கிறது. நாளுக்கு ஐந்து சொல் போதும். கையால் பேசினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். பேரனோடு பேசும் ஆசை அவருக்கும் இருக்கும். வசம்பைத் தேடியதும் அந்த ஆசையால்தான்.

சாபம் என்ற பேச்சுக்கு வருகிறேன். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால், இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேர வாய்ப்புக் கூடுகிறது. அது உண்மை. அடுத்த பிள்ளைக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சொந்தமில்லாதவர்களுக்கும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். கருவுற்ற காலத்து ரூபெல்லா அம்மை, மூளைக்காய்ச்சல், சீழ் வடிந்த காதைக் கவனிக்காமல் விட்டது என்று காரணங்கள் பல. நீங்கள் யாருக்கும் குற்றவாளி அல்ல.

இன்னொன்று. காது கேளாத பெரியவர் ஒருவரை உங்கள் மகன் பார்க்க வேண்டும். தான் வளர்ந்தால் எப்படி இருப்போம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கும்தான்.

எனக்குக் காது கேட்காது. தருமபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் வெளிநாடு போய்ச் சைகை கற்றீர்கள். இங்கே வங்கியிலும் மருத்துவமனையிலும் எனக்காகப் பேச ஆள் இல்லை. எழுதிக் காட்டினால் எரிச்சலோடு பார்க்கிறார்கள். எங்களை விட்டுவிட்டு ஏன் போனீர்கள்?
— தையற்காரர், தருமபுரி

தம்பி, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் அதிக முறை படித்தேன்.

சபை அனுப்பியது, போனேன். அது உண்மை, ஆனால் உங்களுக்குப் பதிலாகாது. எங்கள் தெருவிலேயே காது கேளாத ஒருவர் இருந்தார். மாடு மேய்ப்பார். எங்கள் வீட்டு மாட்டையும் அவர்தான் ஓட்டிப் போவார். தெருவே அவரை ‘ஊமையன்’ என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கொம்போங் தோமில் அந்தத் தாயிடம் மகளின் பெயரைக் கேட்டு அதிர்ந்துபோனேனே, அன்று இரவுதான் இது நினைவுக்கு வந்தது. இந்த விடுப்பில் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டாராம். பெயரைக் கேட்டேன். அண்ணன் மனைவி சற்று யோசித்துத்தான் சொன்னார். இப்போது தினமும் காலைச் செபத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் நான் திரும்ப வேண்டும், 26 பேர் காத்திருக்கிறார்கள். அதற்குள் மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன. இந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு உங்கள் கடைக்கு வருகிறேன். இந்தியச் சைகையில் எனக்கு நாற்பது சொல் தேறினால் அதிகம். நீங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் என்னென்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து போவோம். வாசலில் நின்று உள்ளங்கையைப் படகுபோல ஆட்டும் பெண்ணைப் பார்த்தால் அது நான்தான்.

நீங்கள் சம்மதித்தால் பென்னாகரத்துத் தாயையும் மகனையும் உடன் அழைத்து வருகிறேன். சட்டைத் துணி நான் எடுத்து வருகிறேன். பையனுக்கு அளவு எடுங்கள்.